ஒரே ஏரிக்கு இரண்டு முறை

குளிர்கால ஞாயிறுகளில் குடும்பங்களை வேடந்தாங்கல் பறவை ஏரிக்கு அழைத்துப் போவது என் வேலை. போனில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "அப்படியே மாமல்லபுரமும் பார்த்துட்டு வந்துடலாமா?" ஆரம்பத்தில் நானும் சரி என்றேன். ஒரே நாளில் இரண்டு இடம். ஏரிக்கு வந்து சேர்ந்தபோது பிள்ளைகள் வேனில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்பினால் அழுகை. அதோடு அந்தப் பழக்கத்தை விட்டேன். இப்போது ஒரு நாளுக்கு ஓர் இடம்தான். முடிந்தவர்களை அதே இடத்துக்கே மறுபடியும் வரச் சொல்கிறேன்: டிசம்பரில் ஒரு முறை, பிப்ரவரியில் ஒரு முறை.

சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். மதியம் கிளம்பினால் போதும். இரை தேடப் போன பறவைகள் மாலையில்தான் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். ஏரிக்கு முன்பே வயலோரம் வண்டியை நிறுத்திவிடுவேன். நத்தைகுத்தி நாரை சேற்றில் அலகை நுழைத்து நத்தை எடுப்பதை அங்கே பார்க்கலாம். கூடு ஏரியில், சாப்பாடு சுற்றுவட்டார வயல்களில் என்பது பிள்ளைகளுக்குச் சொல்லாமலே புரிந்துவிடும்.

ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடா, கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா என்று ஒரே நெரிசல். பைனாகுலரை உடனே கொடுக்க மாட்டேன். முதலில் வெறும் கண்ணால் ஒரு பறவையைப் பிடிக்க வேண்டும். பார்வையை எடுக்காமலே பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். இது கைவந்தால் ஆறு வயதுப் பிள்ளையும் தடுமாறாது. பிறகு ஆளுக்கு ஒரு மரம். பெயர்ப் பட்டியல் எழுதச் சொல்வதில்லை. அந்த ஒரு மரத்தை அரை மணி நேரம் பார்த்தால் போதும்.

அப்படி மரம் பிடித்த ஒரு சிறுமி, பிப்ரவரியில் பாட்டியோடு வந்தாள். கரை ஏறியதும் நேராகத் தன் மரத்துக்கு எதிரே போய் நின்றாள். டிசம்பரில் நத்தைகுத்தி நாரை குச்சி அடுக்கிக்கொண்டிருந்த கூட்டில் இப்போது குஞ்சுகள். சற்று நேரம் பார்த்துவிட்டு, "பாட்டி, பெரிய நாரைக்கு வாய் நடுவுல இடைவெளி இருக்கு. குட்டிக்கு ஏன் இல்ல?" என்றாள். நத்தையைப் பற்ற உதவும் அந்த இடைவெளி வளர வளரத்தான் உண்டாகும். இதை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கேள்வியாக ஒரு குழந்தையிடமிருந்து வந்தது அன்றுதான்.

பாட்டியின் பார்வை ஏரித் தண்ணீரில் இருந்தது. எச்சம் விழுந்து உரமேறிய இந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்வதால்தான் ஊரார் தலைமுறைகளாகப் பறவைகளைக் காக்கிறார்கள் என்றேன். பறவைகளைக் காக்கும் அவர்களுடைய உரிமையை 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அங்கீகரித்தார். ஏரி 2022இல் ராம்சர் தலமானது, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் இது என்றதும் பாட்டி நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க ஊர் ஏரிக்கும் நாரை வரும் தம்பி. நான் போய்ப் பார்த்தே இருபது வருஷம் ஆச்சு" என்றார்.

சிறுமி பைனாகுலரை இறக்கினாள். "அங்க எப்ப போறோம், பாட்டி?"