கோப்பையில் இல்லாத சோறு

செப்டெம்பர் 28, சனி

புரட்டாதிச் சனி. எள்ளெண்ணெய்ச் சட்டி எரித்துவிட்டு வந்து விறாந்தையில் இருக்க, மேற்கு வீட்டுத் தங்கச்சி படலையைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் கிளினிக் கொப்பி. இடுப்புச் சுற்றளவு 94 சென்ரிமீற்றர் என்று எழுதியிருந்தது. பெண்களுக்கு 80ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். வெள்ளைக்கார ஆண்களை 94 வரை விடுகிறார்கள், எங்கள் ஆண்களுக்கு 90தான் எல்லை. கையும் காலும் மெலிந்திருக்க வயிற்றுக்குள் மட்டும் கொழுப்பைச் சேர்த்து வைக்கிற உடம்பு தெற்காசியருடையது.

"சோத்தைக் குறையுங்கோ எண்டு சொல்லிப்போட்டார் டொக்டர். நான் ஒரு நேரந்தானே அக்கா சோறு தின்னுறன். அதுவும் இவ்வளவுதான்." உள்ளங்கையைக் குவித்துக் காட்டினாள்.

பொய் சொல்கிற பிள்ளை இல்லை. அவளுடைய மத்தியானக் கோப்பையை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் மகனை வெளிநாட்டுக்கு அனுப்பின பிறகு சட்டைகளை இரண்டு தரம் பிரித்துத் தைத்துவிட்டாள், இனிப் பிரிக்கத் துணி இல்லை. காணி உறுதி ஈட்டில் இருக்கிறது, தாலிக்கொடி அடைவில் இருக்கிறது, பெடியன் இடையில் ஏதோ ஒரு நாட்டில் நிற்கிறான். இதெல்லாம் கொப்பியில் இல்லை. கொப்பியில் அதற்கு இடமும் இல்லை.

ஒக்டோபர் 1

இரவு எழும்பினபோது மேற்கு வீட்டுக் குசினியில் லைற் எரிந்தது. மணி ஒன்றரை இருக்கும். வருத்தம் ஏதுமோ என்று மதிலால் கூப்பிட்டேன். பின் கதவைத் திறந்துவிட்டாள், போய்ப் பார்த்தேன்.

குசினி வாங்கில் இருக்கிறாள். சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த போன். முன்னால் கிறீம் கிறாக்கர் பக்கற், மாஜரின் டப்பா, ஒரு தேக்கரண்டி. பிஸ்கற்றில் மாஜரின் பூசி, அதன்மேல் சீனி தூவி, இன்னொரு பிஸ்கற்றால் மூடிக் கடிக்கிறாள். பக்கத்தில் பிளேன் ரீ. ஏஜென்சிக்காரன் பெடியளிடம் இரவில்தான் போனைக் கொடுக்கிறானாம். அங்கே இரவு என்றால் எங்களுக்குச் சாமம். சில நாள் அழைப்பு வரும், சில நாள் வராது.

"மணி அடிக்குமட்டும் கையும் வாயும் சும்மா இருக்குதில்லை அக்கா."

டொக்டர் சோற்றைக் கேட்டார், அவளும் சோற்றுக்குத்தான் பதில் சொன்னாள். இந்தப் பிஸ்கற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளும் இதைச் சாப்பாட்டுக் கணக்கில் வைத்திருக்கவில்லை.

ஒக்டோபர் 5

பகல் முழுக்க இதே யோசனை. வார்டில் வேலை செய்த காலத்தில் பிரெட்னிசொலோன் குளிசையில் நீண்ட நாள் இருந்த நோயாளரை நிறையப் பார்த்தேன். மெலிந்து வந்த மனுசன் சில கிழமையில் முகம் உருண்டு, வயிறு முன்னுக்குத் தள்ளி, பிடரியில் சதை வைத்து நிற்பார். கையும் காலும் அப்படியே குச்சியாக இருக்கும். இரவு பத்து மணிக்கு "மிஸ், பாண் துண்டு ஏதும் மிச்சம் கிடக்கோ?" என்று கேட்பார்கள். தீன்பண்டாரம் என்று பகிடி பண்ணின தாதிமாரும் உண்டு. பசியைக் கொண்டுவந்தது குளிசை.

ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க சத்திரசிகிச்சை வைத்தியர் 1912இல் இதே கோலத்தில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதிவைத்தார். அவள் குளிசை ஒன்றும் எடுத்தவள் அல்ல. குளிசை செய்கிற வேலையை அவளுடைய உடம்பே அளவுக்கு மிஞ்சிச் செய்தது. சிறுநீரகங்களுக்கு மேலே ஒட்டியிருக்கிற அதிரீனல் சுரப்பியின் கோட்டிசோல்தான் அது. பிரெட்னிசொலோன் அதே குடும்பத்தில் ஆய்வுகூடத்தில் செய்தெடுத்த மருந்து.

கோட்டிசோல் எதிரி இல்லை. விமானச் சத்தம் கேட்டு பங்கருக்குள் ஓடின காலத்தில் எங்களை ஓடவைத்த ஓமோன்களில் அதுவும் ஒன்று. ஈரலில் இருக்கிற சீனியை இரத்தத்துக்குள் இறக்கிவிடும், கால் அதை எரித்துவிடும், ஆபத்து போனதும் ஓமோனும் இறங்கிவிடும். தங்கச்சிக்கு ஓட இடமில்லை. வாங்கில் இருந்தபடி போனைப் பார்க்கிறாள். எரியாத சீனியை ஒதுக்க இன்சுலின் ஏறும். இரண்டும் சேர்ந்தால் கொழுப்பு வயிற்றுக்குள்தான் போய்ச் சேரும், ஏனென்றால் குடலைச் சுற்றியிருக்கிற கொழுப்பில் கோட்டிசோலை ஏற்கிற வாங்கிகள் அதிகம். அதோடு விடாமல், இரத்தத்தில் வேலை இழந்து ஓடுகிற கோட்டிசோனைத் திரும்பக் கோட்டிசோலாக மாற்றுகிற நொதியம் கொழுப்புக்குள்ளேயே இருக்கிறது. சேர்ந்த வயிறு தன் பங்குக்கும் கொஞ்சம் செய்துகொள்கிறது.

அந்தச் சீனி பிஸ்கற்றுக்கும் விளக்கம் உண்டு. கலிபோர்னியாவில் மேரி டால்மனும் கூட்டாளிகளும் 2003இல் எழுதினது: நெருக்கீடு நீண்டால் கோட்டிசோல் இனிப்பையும் கொழுப்பையும் தேடவைக்கும், தின்றால் மூளையின் அபாய மணி கொஞ்சம் தணியும். பெரும்பாலும் எலிகளில் கண்டது. ஆனால் அந்தக் குசினியில் நான் பார்த்ததும் அதுதான். அவளுக்கு அந்த நேரத்தில் வேறு மருந்து இல்லை.

கோட்டிசோல் ஒன்றையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் சரியில்லை. கவலையில் சுரக்கிறது குளிசை அளவுக்குக் கிட்டவும் வராது. இங்கிலாந்தில் 54 வயதும் அதற்கு மேலும் ஆன 2,500க்கு மேற்பட்டவர்களின் தலைமயிரில், தலைத்தோலை ஒட்டின இரண்டு சென்ரிமீற்றரை வெட்டிப் பார்த்தார்கள். அதில் ஏறக்குறைய இரண்டு மாதத்துக் கோட்டிசோல் படிந்திருக்கும். கூடுதலாக இருந்தவர்களுக்கு இடுப்பும் கூடுதலாக இருந்தது என்று 2017இல் எழுதினார்கள். முதலில் வந்தது கோட்டிசோலோ வயிறோ என்பதை அந்த ஆய்வால் சொல்ல முடியாது.

ஒக்டோபர் 12

விஜயதசமி. சீரணி அம்மன் கோயிலால் வரும் வழியில் ஒரு மனுசி தங்கச்சியைப் பிடித்து நிறுத்தி, "என்ன பிள்ளை, நல்லாப் பெருத்திட்டாய்! மகன்ர காசு வேலை செய்யுது போல" என்றாள். மகன் இன்னும் ஒரு சதம் அனுப்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவலும் கடலையும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

ஒக்டோபர் 19

அவளுடைய மனுசன் வயலுக்கு விதைக்கப் போகிற வழியில் நின்று கதைத்தார். கழுத்தெலும்பு தள்ளி நிற்கிறது, சாரத்தை இறுக்கிக் கட்டியும் வழுகுகிறது. அதே கடன், அதே மகன். "எனக்குச் சோறு இறங்குதில்லை, அவளுக்கு அடங்குதில்லை" என்றார். ஊரில் இதை வைத்து ஒரு நியாயம் கதைக்கிறார்கள்: அவருக்குக் கவலை, அவளுக்குக் கவலையில்லை.

இலண்டன் அரச ஊழியர் பத்தாயிரம் பேரை 1985 முதல் தொடர்ந்து பார்க்கிற வைற்ஹோல் ஆய்வில் இதற்குப் பதில் இருக்கிறது. வேலை நெருக்கீடு மெலிந்த ஆண்களை மேலும் மெலியவைத்தது, ஏற்கெனவே பருத்த ஆண்களைப் பருக்கவைத்தது. பெண்களில் இந்தப் பிரிவு தெளிவாக வரவில்லை. அதே ஆய்வில், திரும்பத் திரும்ப வேலை நெருக்கீட்டில் இருந்தவர்களுக்கு வயிற்றுக் கொழுப்பு, இரத்த அழுத்தம், சீனி எல்லாம் சேர்ந்து வருகிற நிலை இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. 2006இல் வந்த முடிவு. ஒரே தீ ஒரு வீட்டில் ஒருவரை உருக்கி மற்றவரை ஊதவைக்கலாம். உடம்பைப் பார்த்துக் கவலையை நிறுக்கிற தராசு எங்கள் ஊராரிடம் மட்டும்தான் இருக்கிறது.

ஒக்டோபர் 30

1995இல் இதே நாள் இரவு போருக்குப் பயந்து வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தது. எங்கள் சண்டிலிப்பாயும் நடந்தது. மழை, இருட்டு, நாவற்குழிப் பாலத்தில் அடுத்த அடி வைக்க இடமில்லாத சனம். அம்மாவைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு போனேன். தென்மராட்சியில் ஒரு மாமரத்தடியில் பொழுது விடிந்தது.

நெருக்கீடு உடம்பைப் பெருக்கவைக்கும் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, அப்ப ஏன் நாங்கள் எல்லாரும் எலும்பும் தோலுமாகக் கிடந்தனாங்கள்? நியாயமான கேள்வி. அதைவிடப் பெரிய நெருக்கீடு எங்கள் ஆயுளில் இல்லை. ஆனால் 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை. சீனி கைக்கு எட்டாத விலை, பனங்கட்டியை ஒரு கடி கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணியைக் குடித்தோம். பெற்றோல் இல்லை, எந்த அலுவலுக்கும் சைக்கிள். மானிப்பாய்ச் சந்தைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மிதித்த கால்கள். மூளை இனிப்பைக் கேட்டிருக்கும், கொடுக்க இருக்கவில்லை.

இப்போது இருக்கிறது. பின்னேரம் பீத்தோவன் பாட்டைப் போட்டுக்கொண்டு பாண் ஓட்டோ ஒழுங்கைக்குள்ளேயே வருகிறது: பணிஸ், சீனிச் சம்பல் வைத்த பாண், கேக் துண்டு. முடக்கில் இருக்கிற கடைக்கும் ஸ்கூட்டி. இரவு வேலை முடிந்தாலும் போன் முடிவதில்லை. நெருக்கீடு காற்றிலிருந்து கொழுப்பைச் செய்யாது. கிட்ட இருக்கிறதை எடுக்கவைக்கும், எடுத்ததை வயிற்றில் வைக்கும், எழும்பி நடக்கிற மனத்தைக் கெடுக்கும். அதனால் அன்றைக்கு மெலிந்தவர்கள் திடமானவர்கள், இன்றைக்குப் பெருத்தவர்கள் சோம்பேறிகள் என்கிற கதையை நான் ஏற்கமாட்டேன். மனுசர் அதே மனுசர்தான்.

2022ஐயும் இதில் சேர்க்க வேண்டும். அந்த செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவு விலையேற்றம் 90 வீதத்தைத் தாண்டியது. வீடுகளில் முதலில் விழுந்தது மீனும் முட்டையும் பாலும். சோறும் மாவும் மிஞ்சின. பணமில்லாதவன் மெலிவான் என்ற பழைய கணக்கு அங்கேயே பிழையாகிவிட்டது.

போருக்குள் இருந்த எங்கள் உடம்புகளைப் பற்றிய எண்ணிக்கைகள் குறைவு. நாடு தழுவியது என்று சொல்கிற 2005–2006 நீரிழிவு ஆய்வில் ஒன்பது மாகாணங்களில் ஏழுதான் இருந்தன, வடக்கும் கிழக்கும் இல்லை. மனதைப் பற்றித் தயா சோமசுந்தரம் 1998இலேயே நூல் எழுதினார். கவலை என்று சொல்லத் தெரியாமல் தலையிடி, நெஞ்சு நோ, உடம்பெரிவு என்று வந்து நிற்கிற சனத்தை யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்தவர் அவர். இடுப்புச் சுற்றளவையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம் என்று எனக்குப் படுகிறது.

நவம்பர் 3

கந்தசட்டி இரண்டாம் நாள். ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் என்று தங்கச்சி ஒற்றைக் காலில் நிற்கிறாள். விரதத்தோடு நிறையும் இறங்குமாம். விரதத்தைப் பற்றி எனக்கு வழக்கில்லை. "சாமத்தில் என்ன செய்வாய்?" என்றேன். பேசாமல் இருந்தாள்.

2004இல் சிகாகோவில் பன்னிரண்டு இளைஞரை இரண்டே இரவு நாலு மணித்தியாலம் மட்டும் படுக்கவிட்டார்கள். பசியைத் தூண்டுகிற கிரெலின் 28 வீதம் ஏறியது, போதும் என்று சொல்கிற லெப்ரின் 18 வீதம் இறங்கியது. அவர்கள் கேட்டது இனிப்பும் உப்பும் மாச்சாப்பாடும். கடன் இல்லாத, பிள்ளை தொலைவில் இல்லாத வாலிபர்களுக்கே அப்படி. இவள் ஒழுங்காகப் படுத்து எத்தனை மாதம்?

மனுசனையும் கூப்பிட்டுக் கதைத்தேன். சாமப் போனை ஒரு நாள் அவர் எடுப்பது, ஒரு நாள் இவள் எடுப்பது. எடுக்காத நாளில் போன் அறைக்குள் வரக்கூடாது. குசினி வாங்கில் காத்திருக்காமல் விறாந்தையில் இருக்க வேண்டும், பக்கத்தில் அவித்த கடலையோ கச்சானோ கொஞ்சம். பிஸ்கற் பக்கற்றைத் தடுக்கவில்லை, அலுமாரி மேல்தட்டில் ஏற்றிவைக்கச் சொன்னேன். "அவன் என்னட்டைத்தான் கதைப்பான்" என்று அவள் கொஞ்சம் முரண்டினாள். "நானும் அவன்ர தேப்பன்தானே" என்று மனுசன் சொன்னபோதுதான் அடங்கினாள்.

நவம்பர் 19

கிளினிக் நாள். கூடப் போனேன். இடுப்பு 93. வெறுவயிற்றுச் சீனி எல்லைக் கோட்டில் நிற்கிறது. ஒரு சென்ரிமீற்றர் என்றால் அளவு நாடாவைப் பிடிக்கிற கையைப் பொறுத்தது, அதை வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கிழமையில் மூன்று நாலு இரவு விடியுமட்டும் படுக்கிறாளாம். பின்னேரத்தில் வயல் வரம்பால் மனுசனுக்குத் தேத்தண்ணி கொண்டு நடக்கிறாள்.

இந்த முறை புது டொக்டர், சின்னப் பிள்ளை. "சோத்தை…" என்று தொடங்கினார். "பிள்ளை, இவ எப்ப படுக்கிறா எண்டு ஒருக்கால் கேளுங்கோ" என்று இடையில் விழுந்தேன். பேனையை வைத்துவிட்டுக் கேட்டார். வெளியில் வரிசை நீண்டிருந்தாலும் முழுக்கக் கேட்டார். உளநலப் பிரிவுக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார்.

வெளியில் வந்ததும் தங்கச்சி துண்டை நாலாக மடித்தாள். "விசர் டொக்டரிட்டையோ அக்கா? மகளுக்குப் பேசிற நேரத்தில ஊர் என்ன சொல்லும்?"

அவள் பயம் வீண்பயம் இல்லை, இங்கே கலியாணம் பேசுகிறவர்கள் இதையும் விசாரிப்பார்கள். வியாழக்கிழமை எனக்கும் அந்த ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்க்கிற முறை இருக்கிறது. என்னைக் கூட்டிக்கொண்டு போவதாக ஊருக்குச் சொல்லட்டும் என்றேன். துண்டைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்தாள்.