கரி படிந்த பொறி

பெட்ரோல் வண்டியின் முன்மூடியைத் திறந்து பார்த்தவர்கள், எஞ்சினின் தலைப்பகுதியில் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும் ஸ்பார்க் பிளக்குகளைக் கண்டிருப்பார்கள். சுண்டுவிரல் அளவே உள்ள அப்பொருளை நாமும் பலமுறை கண்டிருக்கிறோம், பொருட்படுத்தியதில்லை. பொருட்படுத்த வைத்தது ஓர் இரவு.

அது 2003-ஆம் ஆண்டின் தவக்காலம். தென்பாண்டிச் சீமையில், குதிரைமொழித் தேரியின் ஓரமாய் அமைந்த ஒரு பங்கில் பணியாற்றி வந்தோம். செம்மணல் மேடுகளும் பனைகளும் நிறைந்த பகுதி. காற்றடித்தால் திருப்பீடத் துணிகூடச் சிவந்துவிடும். கிளைக் கிராமங்கள் ஐந்து. எதுவும் ஆறு கிலோமீட்டருக்கு அப்பால் இல்லை. பங்கின் பயன்பாட்டிற்கென ஒரு பழைய மாருதி 800 இருந்தது. சில வாரங்களாகவே அது காலையில் கிளம்பத் தயங்கியது. கிளம்பிய பின்னும் எஞ்சினின் துடிப்பு இடையிடையே தவறியது. பெட்ரோல் செலவும் கூடியது. "மிஸ்ஸிங் அடிக்குது சாமி, பிளக்கைக் கழற்றிப் பார்க்கணும்" என்று உபதேசியார் இருமுறை நினைவூட்டினார். முதல்முறை, கெபித் திருவிழா முடியட்டும் என்றோம். இரண்டாம் முறை, தவக்காலத் தியானங்கள் முடியட்டும் என்றோம். வண்டிதான் ஓடுகிறதே என்பது நமது எண்ணம்.

ஒருநாள் நள்ளிரவு கடந்து, கிளைக் கிராமம் ஒன்றிலிருந்து பனைத் தொழிலாளி ஒருவர் சைக்கிளில் வந்து கதவைத் தட்டினார். "அம்மாவுக்கு மூச்சு இழுக்கு சாமி. உங்களத்தான் கேக்காவ" என்றார். புனித எண்ணெயையும் நற்கருணையையும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினோம். சாவியைத் திருப்பினோம். எஞ்சின் சுழன்றது; பற்றவில்லை. மீண்டும் மீண்டும் முயன்றதில் பாட்டரியும் ஓய்ந்தது. தள்ளிப் பார்த்தோம், மணலில் சக்கரம் புதைந்ததே மிச்சம். இறுதியில் உபதேசியாரை எழுப்பி, அவரது மொபெட்டின் பின்னால் அமர்ந்து போய்ச் சேர்ந்தோம்.

அந்தத் தாய் கால்மணி நேரத்திற்கு முன்புதான் கண்மூடியிருந்தார். அக்கம்பக்கத்தார் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தனர். நோயில்பூசுதல் உயிரோடிருப்போருக்கான அருட்சாதனம். எனவே எண்ணெய்ச் சிமிழைத் திறக்காமலே, அவரது ஆன்ம இளைப்பாற்றிக்காக முழந்தாளிட்டு மன்றாடினோம். எழுந்தபோது மகன் சொன்னார்: "சாமி வருவாவ, வருவாவன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தாவ." அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதனாலேயே அச்சொல் நம்மை இன்றளவும் விட்டபாடில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், பக்கத்து ஊரிலிருந்து மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தார் உபதேசியார். அவர் நம் மறையைச் சார்ந்தவர் அல்லர். எனினும் அன்று நமக்கு அவர் ஆற்றியது ஒரு தியானவுரை. எஞ்சினிலிருந்து மூன்று பிளக்குகளையும் கழற்றி, செய்தித்தாளின்மீது வரிசையாக வைத்தார். மூன்றும் விறகடுப்பில் வைத்த பானையின் அடியைப்போல் கறுத்திருந்தன.

"புதிதாக மாற்றிவிடுங்கள்" என்றோம்.

"மாத்திடலாம் சாமி. ஆனா பிளக் திருடன் இல்ல, சாட்சி. சாட்சியை மாத்திட்டா வழக்கு தீந்துருமா?" என்றார் அவர். பின்னர் ஏர் ஃபில்டரைத் திறந்து காட்டினார். தேரியின் செம்புழுதி அதை அடைத்திருந்தது. காற்று போதாமல் பெட்ரோல் மிகுந்துபோன கலவை, முழுதும் எரியாமல் கரியாகியிருக்கிறது. "சோக்கை இழுத்தா, வண்டி சூடானதும் உள்ளே தள்ளுவீங்களா?" என்று கேட்டார். மறந்துபோன நாட்கள் பலவென்று ஒப்புக்கொண்டோம். "ஒருநாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?" "கிளைக் கிராமங்களுக்குத்தான். நான்கைந்து கிலோமீட்டர் போவோம், நிறுத்துவோம், மீண்டும் போவோம்." அவர் தலையசைத்தார். "அதான் சாமி. பிளக் நல்லாச் சூடேறினாத்தான் தன் கரியைத் தானே எரிச்சிக்கிடும். உங்க வண்டி சூடாகுறதுக்குள்ள நின்னுருது."

அச்சொல்லின் உண்மையைப் பின்னர் நூல்களில் தேடிப் படித்தோம். பெல்ஜியத்தில் பிறந்து பாரிசில் வாழ்ந்த எத்தியேன் லெனுவார், 1860-இல் உருவாக்கிய எரிவாயு எஞ்சினிலேயே மின்பொறியைப் பயன்படுத்தினார். ராபர்ட் பாஷின் நிறுவனத்தில் பணியாற்றிய கோட்லோப் ஹோனோல்ட், 1902-இல் உயர் மின்னழுத்த முறையை அமைத்த பின்னரே ஸ்பார்க் பிளக் மோட்டார் வண்டிகளில் நிலைபெற்றது. நடுவே ஒரு மின்முனை. அதைச் சூழ்ந்து வெண்ணிறப் பீங்கான். நுனியில், வளைந்து நிற்கும் மற்றொரு முனை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 0.7 முதல் 1.1 மில்லிமீட்டர் வரை இடைவெளி; அது வண்டிக்கு வண்டி மாறும். பாட்டரி தருவது 12 வோல்ட்டே. இக்னிஷன் காயில் அதைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்த, மின்சாரம் அந்தச் சிறு இடைவெளியைத் தாண்டும்போது பொறி பிறக்கிறது. நிமிடத்திற்கு 3000 முறை சுழலும் நான்கு வீச்சு எஞ்சினில், ஒவ்வொரு பிளக்கிலும் விநாடிக்கு 25 பொறிகள் பிறக்க வேண்டும். நேற்றைய பொறியைச் சேமித்து வைத்து இன்று ஓட்ட இயலாது.

பிளக்கின் நுனி ஏறத்தாழ 450 பாகை செல்சியசுக்குமேல் சூடேறினால்தான் தன்மீது படியும் கரியை எரித்துத் தூய்மையாகும். 850 பாகையளவைக் கடந்தாலோ அளவுமீறிய வெப்பமே கேடாகும். குறைந்த வெப்பத்தில் படியும் கரி மின்சாரத்தைக் கடத்தும் இயல்புடையது. ஆகவே, தாண்டிக் குதித்துப் பொறியாக வேண்டிய மின்சாரம், கரிப்படலத்தின் வழியே ஓசையின்றிக் கசிந்துவிடுகிறது. அன்றிரவு பாட்டரி ஓயும்வரை நம் வண்டியில் மின்சாரத்திற்குக் குறைவில்லை. அது பொறியாகவில்லை, அவ்வளவே.

அன்பு வாசகர்களே, இதைப் படித்தபோது நம் அழைத்தலின் வாழ்வையே யாரோ கழற்றிக் காட்டியது போலிருந்தது. திருவெளிப்பாட்டு நூலில் இலவோதிக்கேயாத் திருச்சபை, குளிர்ச்சியுமின்றி வெம்மையுமின்றி வெதுவெதுப்பாய் இருப்பதற்காகக் கடிந்துகொள்ளப்படுகிறது. வெதுவெதுப்பு என்பது நெருப்பில்லாமை என்றே அதுவரை மறையுரைகளில் விளக்கி வந்தோம். நெருப்பு இருந்தும், தன் கரியை எரிக்கும் அளவுக்குச் சூடேறாமையே வெதுவெதுப்பு என்பதை அந்த மூன்று பிளக்குகளே கற்பித்தன. அந்நாட்களில் நம் செபம் எப்படி இருந்தது? திருப்பலிக்கும் கூட்டத்திற்கும் இடையே ஐந்து நிமிடம்; கட்டளைச் செபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒரு மந்திரிப்பு; நற்கருணைமுன் அமர்ந்தவுடன் ஒரு தொலைபேசி அழைப்பு. எல்லாம் பணியே, எதுவும் பாவமன்று. ஆயினும் ஒருமுறையேனும் முழுமையாய்ச் சூடேறும் அளவுக்கு இறைவனோடு நெடுந்தூரம் சென்றோமில்லை. கைகளை வைத்துத் தந்த அருள்கொடையைத் தூண்டி எரியச் செய்யுமாறு திமொத்தேயுவுக்குப் பவுலடிகள் எழுதியது கொடை தீர்ந்துவிட்டது என்பதற்காக அன்று. கொடை கசிந்துபோகக் கூடாது என்பதற்காகவே.

இல்லறத்தாருக்கும் இது பொருந்தும். கணவனும் மனைவியும் வீட்டுச் செலவைப் பற்றியும் பிள்ளைகளின் பள்ளியைப் பற்றியும் நாள்தோறும் பேசுகிறார்கள். பேச்சு நிற்பதில்லை, ஆனால் அவை யாவும் குறுகிய ஓட்டங்கள். நிறுத்தாமல், அவசரமின்றி, ஒருவர் மனத்தை ஒருவர் கேட்கும் நெடும்பயணம் எப்போதோ ஒருமுறையேனும் வாய்க்காவிடில், அன்பு இருக்கவே கரி படியும்.

அந்த மெக்கானிக் நமக்குப் பிளக் பராமரிப்பையும் கற்றுத் தந்தார். எஞ்சின் குளிர்ந்த பின்னரே கழற்ற வேண்டும். கழற்றுமுன் சுற்றியுள்ள புழுதியை ஊதித் துடைக்க வேண்டும். இல்லையேல் அது உருளைக்குள் விழும். வயர்கள் இடம் மாறாதிருக்க ஒவ்வொன்றாகவே எடுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுக்காமல் அதன் தொப்பியைப் பிடித்து இழுக்க வேண்டும். பின்னர் நிறத்தைப் பார்க்க வேண்டும். இளம்பழுப்பு நலத்தின் அடையாளம். உலர்ந்த கரி, பெட்ரோல் மிகுதியையோ வெப்பக் குறைவையோ காட்டும். எண்ணெய்ப் பசையுள்ள கறுப்பு, எஞ்சினின் உட்தேய்மானத்தைக் காட்டும். வெளுத்துக் கொப்பளித்த நுனி மிகுவெப்பத்தைக் காட்டும். இடைவெளியை ஃபில்லர் கேஜால் அளந்து, பக்க முனையை மட்டும் மெல்ல வளைத்துச் சரிசெய்ய வேண்டும், நடுமுனையைத் தொடலாகாது. திரும்பப் பொருத்தும்போது முதலில் விரலால் திருக வேண்டும். ஸ்பானரை முதலிலேயே பிடித்து இறுக்கினால் அலுமினியத் தலையின் மரை அழிந்துவிடும். வன்மையால் மரையை அழித்துவிட்டுப் பின்னர் வருந்துவதைப் பங்கு நிர்வாகத்திலும் கண்டிருக்கிறோம்.

அவர் சொன்ன சாட்சியும் வழக்கும் ஒப்புரவு அருட்சாதனத்திற்கு அமரும்போதெல்லாம் நினைவுக்கு வருகின்றன. மாதந்தோறும் அதே பாவங்களை அதே வரிசையில் சொல்லி மன்னிப்புப் பெறுகிறோம். மன்னிப்பு மெய்யானதே. ஆனால் அடைபட்ட ஏர் ஃபில்டரை யாரும் திறந்து பார்ப்பதில்லை. கோபத்தை அறிக்கையிடுகிறோம், கோபத்திற்கு அடியில் கிடக்கும் பழைய அவமானத்தைத் தொடுவதில்லை. புதுப் பிளக்கும் சில வாரங்களில் கறுக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்தத் தாயைச் சந்திக்க இறைவனின் இரக்கம் நம் வண்டிக்காகக் காத்திருக்கவில்லை என்று உறுதியாய் நம்புகிறோம். திருச்சபையின் நம்பிக்கையும் அதுவே. ஆனால் அந்த நம்பிக்கையை நமது அசட்டைக்குப் போர்வையாக்கிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. கடவுள் வந்து சேர்ந்தார். நாம் வந்து சேரவில்லை. இவ்விரண்டும் உண்மை.

இன்று நாம் ஓட்டும் வண்டியில் இரிடியம் முனையுள்ள பிளக்குகள் உள்ளன. சாதாரண நிக்கல் பிளக்குகளை ஏறத்தாழ 20,000 கிலோமீட்டரிலேயே மாற்ற நேரிடும். இரிடியம், பிளாட்டினம் வகைகளோ ஒரு லட்சம் கிலோமீட்டர் வரையிலும் உழைக்கக்கூடும். உரிய அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். ஆயினும் நீண்டநாள் உழைப்பது நீண்டநாள் மறக்கப்படுவதும் உண்டு என்பதால், மாற்றிய தேதியையும் ஓடிய தூரத்தையும் நாட்குறிப்பில் எழுதி வைக்கிறோம். ஏர் ஃபில்டரையும் அடிக்கடி பார்க்கிறோம். வாரம் ஒருமுறை வண்டியை நெடுஞ்சாலையில் சற்று நெடுந்தூரம் ஓட்டிவிட்டு வருகிறோம்.

பாஸ்கா திருவிழிப்பில் புதுத்தீயை மந்திரிக்கும்போது ஊரே கூடி நிற்கும். லேவியர் நூலின் ஆறாம் அதிகாரமோ வேறொரு பணியைச் சொல்கிறது. பலிபீடத்து நெருப்பு அணையாதிருக்கக் குரு காலைதோறும் விறகு அடுக்க வேண்டும். அதற்குமுன், இரவெல்லாம் எரிந்ததன் சாம்பலைத் தம் கையாலேயே அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். சாம்பல் அள்ளுவதைப் பார்க்க எவரும் கூடுவதில்லை. நாம் தவறவிட்டது அந்தப் பணியைத்தான். இப்போது விடியற்காலையில் ஆலயத்தைத் திறந்ததும், மணியடிக்குமுன், அரைமணி நேரம் நற்கருணைமுன் அமர்ந்திருக்கிறோம். அந்த நேரத்தில் தொலைபேசியை எடுப்பதில்லை. நோயாளிக்காக யாரேனும் கதவைத் தட்டினால் மட்டும் உடனே எழுகிறோம்.