இரண்டு டாங்கி

என் மச்சானிடம் ஒரு பழைய மீன் லொறி இருக்கிறது. மன்னாரிலிருந்து ஐஸ் போட்ட மீனை ஏற்றிக்கொண்டு மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம் வழியாகப் பேலியகொடைச் சந்தைக்குப் போகும். 2022 ஜூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபாவுக்கு ஏறியதும், காசைக் கையில் வைத்துக்கொண்டே பெற்றோல் செட் வாசலில் நாட்கணக்காகக் கிடந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். கிடைக்கிற நேரம் நிரப்பிக்கொள்ளலாம் என்று மச்சான் 40 லீற்றர் பிடிக்கும் இரண்டாவது டாங்கியொன்றைப் பூட்டுவித்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு வால்வு. அதைத் திருப்பினால் டாங்கி மாறும்.

இரண்டாவது டாங்கியை முதலில் தீர்த்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. கணக்குப்படி அது புத்தளம் வரை போதும். ஆனால் அநுராதபுரம் தாண்டுமுன்பே லொறி நின்றது. எயார் பிடித்த இஞ்சினைக் கைப்பம்பு அடித்துத்தான் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. ஒரு தடவையல்ல, நாலு தடவை.

சாரதி பேசாலைக்காரர், கத்தோலிக்கர், என்னைவிட மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். “முதல் டாங்கி மூடியால டீசல் வழியுது சேர்” என்று அவர் சொன்னார். பாவிக்காத டாங்கி எப்படி வழியும் என்று மச்சான் சிரித்தார். வழியில் விற்கிறார் என்று முடிவு கட்டினார். லொறிக் கணக்கை எழுதுகிறவன் நான். கொப்பியைப் புரட்டி, “கணக்கு இடிக்கத்தான் செய்கிறது” என்றேன். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அண்ணன் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 1990 ஒக்டோபர் கடைசியில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்குப் பத்து வயது. எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போனோம். காட்டிக்கொடுக்கிறவர்கள் என்று ஒரு சமூகம் முழுவதன் மீதும் சந்தேகம். யாரும் எங்களை விசாரிக்கவில்லை. அதை வாழ்நாளெல்லாம் சொல்லிக் குறைப்படுகிற நான், ஒரு மனிதரை விசாரிக்காமல் அனுப்பிவிட்டேன். அதிகமான சந்தேகத்தைத் தவிர்ந்துகொள்ளுங்கள் என்ற ஹுஜுறாத் சூறாவின் கட்டளையை எத்தனை தடவை பிள்ளைகளுக்கு விளக்கியிருக்கிறேன்!

சுபஹ் தொழுதுவிட்டு லொறியடிக்குப் போனேன். இஞ்சினை இரண்டாவது டாங்கியில் ஓடவிட்டு, முதல் டாங்கியின் மூடியைத் திறந்து டோர்ச் அடித்தேன். மேலேயிருந்த சிறு குழாயால் டீசல் உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

விஷயம் இவ்வளவுதான். டீசல் பம்பு, இஞ்சின் எரிக்கிறதைவிட அதிகமாகவே டீசலை இழுக்கும். மிச்சம் திரும்புகுழாய் வழியாக டாங்கிக்கு வரும். பூட்டியவர் போட்ட வால்வு இழுக்கும் குழாயை மட்டுமே மாற்றியது. திரும்புகுழாய் முதல் டாங்கியிலேயே நின்றுவிட்டது. அதனால் இரண்டாவது டாங்கி சீக்கிரம் வற்றியது, ஏற்கெனவே நிரம்பியிருந்த முதலாவது டாங்கி மூடியால் வழிந்து ரோட்டில் ஊற்றியது. டீசல் முள்ளும் முதல் டாங்கிக்குத்தான் பூட்டியிருந்தது. அது எப்போதும் நிறைவையே காட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு குழாய்களையும் ஒன்றாக மாற்றும் ஆறு வாய் வால்வு இருக்கிறது. அது கிடைக்கும்வரை முதல் டாங்கியைப் பாதிக்குக் கீழ் இறக்கிவிட்டு மற்றதைத் திருப்பினால் வழியாது. இரண்டாவது டாங்கியைப் பூட்டுகிறவர்கள் திரும்புகுழாய் எங்கே போகிறதென்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று பின்னேரம் மச்சானைக் கூட்டிக்கொண்டு பேசாலைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டோம். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நான் அண்டைக்கே சொன்னேனே சேர்” என்றார். தேத்தண்ணி வந்தது. மறுகிழமை அவரே லொறியை எடுத்தார்.

கொப்பியில் இப்போது இன்னுமொரு நிரல் கோடிட்டிருக்கிறேன். சாரதி சொன்னது என்று அதற்குத் தலைப்பு.