மாடி ஏறும் சண்டை

* சென்னை மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய வீட்டைச் சுற்றிப் பச்சை வலை கட்டினால் போதும், தெருவில் பேச்சு கிளம்பிவிடும். "எத்தனை மாடியாம்?" "கீழே கார் நிறுத்த ஸ்டில்ட்டும் மேலே அஞ்சு மாடியும்னு சொல்றாங்க." அடுத்த கேள்வி தண்ணீர்: "போர்வெல் எத்தனை அடி இறக்கப்போறாங்களாம்?"

* ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதே எஃப்.எஸ்.ஐ. சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்ததை 2019 விதிகள் 2 ஆக்கின. 3,600 சதுர அடி கட்டிய மனையில் இன்று 4,800. சாலை அகலமாக இருந்தால் பணம் கட்டி அதற்கு மேலும் ஏறலாம். அரசின் கணக்கில் வீடு கூடுகிறது. தெருவின் கணக்கில் கார் கூடுகிறது.

* மாடி கூடுவதை எதிர்ப்பவர்களைச் சுயநலக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் அவர்கள். 2014இல் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததையும் மறக்கவில்லை. ஆனால் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் உரக்கப் பேசுகிறவரின் ஃபிளாட்டும் யாரோ ஒருவரின் தனிவீட்டை இடித்துக் கட்டியதுதான்.

* சண்டை ஒரே கட்டடத்துக்குள்ளும் உண்டு. மேல்மாடிக்காரருக்குக் கூரை ஒழுகுகிறது, இடித்துக் கட்ட வேண்டும். கீழ்வீட்டுப் பெரியவருக்கு இந்த வயதில் வாடகை வீடு தேடி அலையப் பயம். முன்பெல்லாம் ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை நின்றது. 2022 அடுக்ககச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்கிறது. ஒழுகல் தீரும், பெரியவரின் பயத்துக்குச் சட்டத்தில் மருந்தில்லை.

* வீடு இல்லாதவருக்கு எந்தச் சங்கத்திலும் நாற்காலி இல்லை. 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் முதலில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தந்தது. 2000க்குப் பிறகு கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே கொண்டுபோனது. 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றோரக் குடும்பங்கள் பலவும் பெரும்பாக்கத்துக்கே அனுப்பப்பட்டன. மாம்பலத்தில் பாத்திரம் தேய்த்தவர் அங்கே போனால், வேலைக்கு வர விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டும்; பலர் வேலையையே விட்டார்கள்.

* ஊருக்குள்ளே மாடி வேண்டாம் என்றால் ஊர் வளராமல் நின்றுவிடாது. ஏரிக்கரைக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புக்கும் போகும். அங்கே மண் கொட்டி மேடாக்கினால், மழைக்காலத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வரும்.

* ஆகவே மாடியைத் தடுப்பதில் பயனில்லை. அடுத்த கூட்டத்தில் எத்தனை மாடி என்று கேட்பதோடு விடாதீர்கள். கூடும் வீடுகளுக்கு ஏற்பச் சாக்கடைக் குழாயைப் பெரிதாக்குவது யார், எப்போது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தால் சம்மதியுங்கள்.