செலவாகாத பணத்தின் கணக்கு

ஓர் அமைச்சகத்தின் நிதி ஒதுக்கக் கணக்கு கைக்கு வந்ததும், எங்கே கூடுதலாகச் செலவழித்திருக்கிறார்கள் என்றுதான் புதிதாகப் பார்ப்பவர் தேடுவார். நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவுக்காகக் கேள்விப் பட்டியல் தயாரித்துப் பழகியவரின் விரல், மிச்சம் காட்டும் பத்தியில் போய் நிற்கும்.

மிச்சம் பிடித்தால் வீட்டில் பாராட்டு கிடைக்கும். அரசுக் கணக்கில் அதற்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். இன்ன வேலைக்கு இவ்வளவு என்று, ஒரே ஒரு நிதியாண்டுக்குத்தான் நாடாளுமன்றம் பணம் அனுமதிக்கிறது. மார்ச் 31 முடிந்ததும் அந்த அனுமதியும் முடிந்துவிடும். மருத்துவமனைக் கட்டடத்துக்கென்று வாங்கிய தொகை அப்படியே திரும்பி வந்தால், அங்கே கட்டடம் எழவில்லை என்று பொருள். அதே ஆண்டில் இன்னொரு துறைக்குப் பணமில்லை என்று கை விரித்திருப்பார்கள். ஆகவேதான், ஒரு மானியத்தில் 100 கோடி ரூபாயோ அதற்கு மேலோ மிச்சமானால், சம்பந்தப்பட்ட அமைச்சகம் பொதுக் கணக்குக் குழுவுக்கு விரிவான விளக்கக் குறிப்பு கொடுக்க வேண்டும் என்ற நடைமுறை வந்தது.

இந்தக் குறிப்புகளை ஆண்டுக்கணக்கில் படித்தவருக்கு ஒரு பழக்கம் கண்ணில் படும். டிசம்பரில் துணை மானியக் கோரிக்கை வைத்துக் கூடுதல் பணம் வாங்கியிருப்பார்கள். மார்ச் கடைசி நாளில், அதே தலைப்பில், வாங்கியதைவிடப் பெரிய தொகையைச் சரண்டர் செய்திருப்பார்கள். முதலில் ஒதுக்கியதே செலவாகாதபோது துணை மானியம் எதற்கு?

ஏன் என்று மட்டும் கேட்டால் பதில் பக்கம் பக்கமாக வரும். அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. மாநிலங்களிலிருந்து திட்ட முன்மொழிவுகள் வரவில்லை, டெண்டர் தாமதமானது, பணியிடங்கள் காலியாக இருந்தன என்று அடுக்குவார்கள். அதனால் தேர்ந்த கை கேள்வியைத் தேதியில் கட்டும். கூடுதல் பணம் கேட்டு நிதி அமைச்சகத்துக்குக் கோப்பு எந்தத் தேதியில் போனது? அன்றைக்குச் செலவுப் பதிவேடு காட்டிய தொகை எவ்வளவு? மீதி இருப்பது தெரிந்தும் கோப்பில் ஒப்புதல் கொடுத்த பதவி எது? இந்த மூன்றுக்கும் ஆவணத்தோடுதான் பதில் சொல்ல முடியும்.

ஆண்டுக் கடைசியில் அவசர அவசரமாகச் செலவழிப்பது நிதி ஒழுங்கை மீறுவதாகும் என்று மத்திய அரசின் பொது நிதி விதிகளே சொல்கின்றன. கடைசிக் காலாண்டில் 33 சதவீதம், மார்ச்சில் மட்டும் 15 சதவீதம் என்று நிதி அமைச்சகம் உச்சவரம்பும் வைத்திருக்கிறது. எனவே மாதவாரியான செலவுப் பட்டியலைக் கேட்டு வாங்குவது இந்த வேலையின் பாலபாடம்.

நிர்வாகச் செலவைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். சம்பளம், பயணம், அலுவலகச் செலவு, விளம்பரம், தொழில்முறைச் சேவைகள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு உண்டு. சம்பளத் தலைப்பு இளைத்து, தொழில்முறைச் சேவைகள் தலைப்பு பெருத்தால், நிரந்தரப் பணியிடத்தின் வேலை வெளியாட்களுக்குப் போயிருக்கலாம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் குறை தெரியாது; பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கேள்வி பிறக்கும். எந்தத் தலைப்பிலும் அடங்காத செலவுக்கு ‘800 - இதர செலவினம்’ என்று ஒரு சிறு தலைப்பு இருக்கிறது. பெருந்தொகைகளை அதற்குள் போட்டுவிட்டால் செலவின் உண்மை முகம் தெரியாமல் போகிறது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சி.ஏ.ஜி.) அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியிருக்கின்றன. பணம் காணாமல் போயிற்று என்று யாரும் சொல்லவில்லை. எதற்குப் போயிற்று என்று நாடாளுமன்றத்தால் படித்தறிய முடியவில்லை என்பதே குறை. அதுவே போதுமான குறை.

தன்னாட்சி நிறுவனங்கள் இன்னும் சிக்கலானவை. அமைச்சகம் மானியத்தை விடுவித்த அன்றே அதன் புத்தகத்தில் அது செலவு. நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் அந்தப் பணம் சும்மா கிடந்தாலும் அமைச்சகத்தின் கணக்கில் மிச்சம் தெரியாது. இதைப் பிடிப்பதற்குத்தான் பயன்பாட்டுச் சான்றிதழ். நிறுவனம் தன் ஆண்டுக் கணக்கை ஜூன் 30க்குள் தணிக்கைக்குக் கொடுக்க வேண்டும். தணிக்கையான கணக்கு டிசம்பர் 31க்குள் நாடாளுமன்றத்தின் மேசைக்கு வர வேண்டும். பிந்தினால் காரண அறிக்கையும் சேர்ந்து வர வேண்டும். அப்படி வைக்கப்படும் ஏடுகளைப் பார்ப்பதற்கென்றே மக்களவையில் 1975 முதல் தனிக் குழு இருக்கிறது. அந்தக் காரண அறிக்கைகள் சலிப்பூட்டும் காகிதங்கள்தான். ஆனால் ஒரே நிறுவனத்தின் அறிக்கைகளை நான்கைந்து ஆண்டுக்குச் சேர்த்துப் படித்தால் அதன் நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பொது நிறுவனத்தின் பணத்தைப் பற்றிக் கேட்க நாடாளுமன்றத்துக்கு எவ்வளவு உரிமை என்ற கேள்வி, 1957இல் கொதிநிலைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாகி எல்.ஐ.சி. பிறந்திருந்தது. தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் அது சுமார் 1.24 கோடி ரூபாயைப் போட்டது. அதன் முதலீட்டுக் குழுவைக் கலந்துகொள்ளவில்லை. டிசம்பரில் மக்களவையில் இதை விடாமல் பிடித்தவர் ஃபெரோஸ் காந்தி: ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமரின் மருமகன். அவர் குற்றச்சாட்டை விவரங்களின் மேல் நிறுத்தினார். நீதிபதி சாக்ளா ஆணையம் பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பொது நிறுவனங்களைத் தொடர்ந்து ஆராய்வதற்கென்று நாடாளுமன்றத்தில் தனிக் குழு அமைந்தது அதன் பிறகுதான், 1964இல்.

அவையில் எழும் கேள்வி ஊருக்கே தெரியும். குழு அறையில் நடப்பது வெளியே தெரியாது. பொதுக் கணக்குக் குழுவில் அதிகபட்சம் 22 பேர்: மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7. அமைச்சர் உறுப்பினராக முடியாது. அவரைச் சாட்சியாக அழைப்பதும் வழக்கமில்லை. பதில் சொல்ல வேண்டியவர் துறைச் செயலாளர். சி.ஏ.ஜி. அலுவலகத்தார் உடனிருந்து குழுவுக்கு விவரம் தருவார்கள். செயலாளரின் ஒவ்வொரு சொல்லும் பதிவாகும். கைவசம் தகவல் இல்லையென்றால் பிறகு எழுத்தில் தருவதாகச் சொல்லிவிட்டுப் போகலாம். அந்த எழுத்துப் பதில் வந்து சேரும்வரை விடாமல் நினைவூட்டுவது பெயர் தெரியாத செயலக அலுவலர்களின் உழைப்பு. பல பரிந்துரைகளின் ஆதாரம் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

1967இல் எம்.ஆர்.மசானி தலைவரானதிலிருந்து எதிர்க்கட்சியைச் சேர்ந்தவருக்கே தலைமை என்பது மரபு. வாஜ்பாய்க்குப் பின் 1971 முதல் 1973 வரை தி.மு.க.வின் இரா.செழியன் அந்த நாற்காலியில் இருந்தார். ஒருமனதான அறிக்கைதான் இந்தக் குழுவின் பலம். 2011இல் 2ஜி அலைக்கற்றை குறித்த வரைவறிக்கை கட்சிவாரியாகப் பிளந்து, பெரும்பான்மையால் நிராகரிக்கப்பட்டபோது நட்டம் இரு தரப்புக்கும்தான். அத்தனை அமர்வுகளில் பதிவான சாட்சியம் குழுவின் முடிவாக அவைக்கு வராமல் போயிற்று.

இவ்வளவு பாடுபட்டு எழுதும் அறிக்கையும் பரிந்துரைதான், உத்தரவு கிடையாது. 1948இல் லண்டன் தூதரகம் வழியாக ஜீப் வாங்கிய விவகாரத்தில் குழுவின் கண்டனத்தை மீறி, 1955இல் அரசு கோப்பை மூடியது. பரிந்துரைக்கு ஆறு மாதத்தில் பதில் வர வேண்டும் என்பது இன்றைய நடைமுறை. அந்தப் பதில்களைக் குழு ஆராய்ந்து நடவடிக்கை அறிக்கை வெளியிடும். முதலில் படிக்க வேண்டியது அதன் நான்காம் அத்தியாயம்: அரசின் பதிலைக் குழு ஏற்காத பரிந்துரைகள் அங்கேதான் இருக்கும். அங்கே இடம்பெற்றவை பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. பொதுக் கணக்குக் குழு அறிக்கைகள் அவையில் விவாதத்துக்கு வருவது மிக அரிது.

செலவுக்கு முன்பான ஆய்வு வலுவாக இருந்தால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். 2018இலும் 2023இலும் அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள் அனைத்தையும் மக்களவை விவாதமின்றி, கில்லட்டின் முறையில் ஒரே மூச்சில் நிறைவேற்றியது. துறைசார் நிலைக்குழுக்கள் 24 இருக்கின்றன. அவை கோரிக்கைகளை ஆராய்ந்து அறிக்கை தருகின்றன. ஆனால் அவையில் விவாதமே இல்லாதபோது அந்த அறிக்கைகளுக்கு மேடை எங்கே? முன்னால் நடக்க வேண்டியது தளரும்போது பின்னால் நடக்கும் தணிக்கையின் மீதுதான் பாரம் முழுவதும் விழுகிறது.

வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. துறைசார் நிலைக்குழுப் பரிந்துரைகள் எந்த நிலையில் உள்ளன என்று அமைச்சர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவையில் அறிக்கை தர வேண்டும் என மக்களவைத் தலைவர் 2004இல் ஆணை பிறப்பித்தார். அதையே பொதுக் கணக்குக் குழுவின் நான்காம் அத்தியாயத்துக்கும் நீட்டினால், குழு ஏற்காத ஒவ்வொரு பதிலுக்கும் அமைச்சர் அவையில் நேரில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டிவரும்.