பெரியம்மாவோடு பாகான் செராய் பஸ்ஸில்

ஆடி நெருங்குது. நம்ம ஆலயத்தில் கூழ் ஊற்ற அரிசி, கேப்பை மாவு, வெங்காயம் என்று உபயம் வர ஆரம்பித்துவிட்டது. கொடுத்த நல்ல உள்ளங்களுக்கு நன்றி.

ஒவ்வொரு ஆடியிலும் நாங்கள் சிலபேர் பஸ் ஏறி பாகான் செராய் போவது உங்களில் பலருக்குத் தெரியும். "வேன் எடுத்தா சீக்கிரம் போயிடலாமே, ஏன் பஸ்சு?" என்று போன வாரம்கூட ஒரு தம்பி கேட்டார். பதில் கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2015. பூசை முடிந்து, அடுத்த பயணம் எங்கே என்று பேசிக்கொண்டிருந்தோம். எல்லாரும் மாரான் என்றார்கள். மாலை கட்டிக்கொண்டிருந்த பெரியம்மா தலையைத் தூக்காமலே சொன்னார்: "எனக்கு எங்க தோட்டத்து ஆத்தாவ ஒருதடவ பார்க்கணும்."

அன்றைக்குப் பெரியம்மாவுக்கு 67 வயது. பாகான் செராய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா அங்கே பால் வெட்டினார், மாரியம்மனுக்குப் பூசாரியும் அவர்தான். பெரியம்மா கட்டிக்கொடுத்து ஜெலுத்தோங் வந்தார். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் சிவப்பு ஐசி. 1968-ல் வந்த சட்டப்படி குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும். அவங்களுக்குக் கிடைக்கல. அந்த வருசங்களில் ஆயிரக்கணக்கான தோட்டத்து சனங்கள் அப்படித்தான் ஊருக்குத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு பெரியம்மா தோட்டத்துப் பக்கமே போகல. "யாரைப் பார்க்கப் போறது?" என்பார்.

வேன் வாடகைக்கு எங்களிடம் காசு இல்லை. பெரியம்மாவும், "நான் வந்தது பஸ்ல, போறதும் பஸ்லதான்" என்றுவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, அவரோடு சேர்த்து ஐந்து பேர், ஜெலுத்தோங் பசாரில் மல்லிகை வாங்கிக்கொண்டு ஜெட்டிக்குப் பஸ் ஏறினோம்.

அப்போது தீவிலிருந்து அக்கரை போக ஃபெரியில் காசு இல்லை. திரும்பும்போதுதான் 1 வெள்ளி 20 காசு. நடுக்கடலில் பெரியம்மா துறைமுகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இங்கதான் எங்கப்பாவ ரஜூலா கப்பல்ல ஏத்திவிட்டேன். நாலஞ்சு வருசம் கடுதாசி வந்துச்சு. அப்புறம் இல்ல." அவ்வளவுதான் பேசினார்.

பட்டர்வொர்த்தில் பஸ் மாறினோம். சிம்பாங் அம்பாட், சுங்கை பாக்காப், சுங்கை ஜாவி, நிபோங் திபால் என்று ஒவ்வொரு ஊராக நின்று நின்று போச்சு. 1994-ல் வட தென் நெடுஞ்சாலை முழுசா திறந்த பிறகு, காடியில் போகிற நாம் இந்த ஊர்களைப் பெயர்ப் பலகையில்தான் பார்க்கிறோம். பெரியம்மா மடியில் பூவை வைத்து மாலை கட்டிக்கொண்டே ஜன்னல் பக்கம் கைகாட்டுவார். "இங்கெல்லாம் அப்போ கரும்பு. எங்க பாட்டன் கரும்பு வெட்டத்தான் கப்பல்ல வந்தாரு." ரப்பருக்கு முன்னாடி இந்தப் பக்கம் கரும்புத் தோட்டங்களில் நம்ம சனங்கள் உழைத்தது அதுவரை எங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. நிபோங் திபாலைத் தாண்டினால் பேராக். பாரிட் புந்தாரில் இன்னொரு பஸ். இரண்டு பக்கமும் பச்சைப் பசேலென்று வயல்.

பாகான் செராய் தாண்டி, பெரியம்மா சொன்ன முச்சந்தியில் இறங்கினோம். லயம் இல்லை. ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் செம்பனை. வாசலில் கம்பிக் கதவு, ஒரு காவல்காரர். உள்ளே விட முடியாது, இங்கே கோயில் எதுவும் கிடையாது என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. பெரியம்மா கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு, "சரி, போவலாம்" என்றார். அந்தக் குரலை நாங்கள் இன்னும் மறக்கல.

திரும்பி வருவதற்குள் பஸ்சும் போய்விட்டது. அடுத்தது வர ஒன்றரை மணி நேரம். காடியில் வந்திருந்தால் அந்த நிமிசமே வீட்டுக்குக் கிளம்பியிருப்போம்.

நிறுத்தத்தில் பயத்தங்காய்க் கூடையோடு ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். சும்மா பேச்சுக் கொடுத்தார். "எந்தத் தோட்டத்துக்கு வந்தீங்க?" சொன்னோம்.

"அந்த ஆத்தாவா? தோட்டத்த வித்தப்பவே எங்க மாமனாரு லாரியில ஏத்தி டவுன் பக்கம் கொண்டாந்துட்டாரே! எங்க தாமானுக்குப் பின்னாலதான் இருக்கு. பஸ் வரட்டும், என்கூட வாங்க."

அப்புறம் பெரியம்மாவைப் பார்த்து, "நீங்க யார் வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டார்.

"பூசாரி மவ."

அந்த அக்கா கொஞ்ச நேரம் பேசல. பிறகு சொன்னார்: "ஆடிப் படையல்ல எங்க மாமனாரு ஒரு எலை தனியா போடுவாரு. கப்பல்ல போனவங்களுக்குன்னு. அவரு போயிட்டாரு, நாங்க இன்னும் போடறோம்."

தகரக் கூரை, நாலு தூண், நடுவில் ஆத்தா. இடுப்பு உயரம் இருக்கும் என்று பெரியம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பார்த்தால் முழங்கால் உயரம்தான். சின்னப் பிள்ளையாய்ப் பார்த்த அளவை மனதில் வைத்துக் கட்டிய மாலை, இரண்டு சுற்றுச் சுற்றியும் தரையில் கிடந்தது. பெரியம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். "மறக்கலையே, எங்கள மறக்கலையே" என்று அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெரியம்மா இப்போது நம்மோடு இல்லை. பஸ்களும் குறைந்துவிட்டன, காத்திருக்கும் நேரம் கூடிவிட்டது. ஆனாலும் பஸ்ஸில்தான் போகிறோம். ஆத்தா எங்கே என்று ஃபோனில் தேடினால் வராது. பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும்.

இந்த ஆடியில் வர விரும்புகிறவர்கள் ஆலயத்தில் பெயர் கொடுங்கள். வர முடியாதவர்கள் ஒன்று செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் எந்தத் தோட்டம், என்ன சாமி என்று கேட்டு எழுதிவையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

பூ கொண்டு வருகிறவர்கள் கட்டிக்கொண்டு வர வேண்டாம். நாரும் சேர்த்துக் கொண்டு வாங்க, பஸ்ஸிலேயே கட்டிக்கலாம். நேரம் நிறைய இருக்கு.

ஓம் சக்தி.