வூஹானில் நம் வீட்டுப் பெண்

சீனத்துக்கும் நம் அடுக்களைக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. அதியன்னூரிலும் பாறசாலையிலும் பலகாரம் பொரிப்பது சீனச்சட்டியில்; நாரத்தங்காய் ஊறுவது சீனப் பரணியில்; கொல்லத்துக்கோ கொச்சிக்கோ போனால் காயலோரத்தில் சீனவலையைக் காணலாம். ஆயினும், நம் வீட்டுப் பெண் ஒருத்தி அந்நாட்டிலே போய் ஆறு ஆண்டு வைத்தியம் படிப்பாள் என்று நம் தந்தையார் காலத்தில் எவரேனும் கூறியிருந்தால், அவர் சிரித்துவிட்டு வெற்றிலையை மடித்திருப்பார்.

அப்பெண் நம் தமக்கையாரின் மகள். நீட் தேர்வில் தேறினாள். எனினும் சர்க்கார் கல்லூரியில் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் எட்டவில்லை. தனியார் கல்லூரி கேட்ட தொகையைச் சொல்லக் கேட்டதும் மைத்துனர் மஸ்கட்டிலிருந்து தொலைபேசியில் நெடுநேரம் பேசாதிருந்தார். அவர் அங்கே வண்டி ஓட்டுபவர். முடிவில் நாற்பது சென்ட் தென்னந்தோப்பை ஈடு வைத்து, 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் அவளை வூஹானுக்கு அனுப்பினோம். அப்போது அவ்வூரின் பெயரை உச்சரிக்கவும் நமக்கு வரவில்லை. ஒன்றரை ஆண்டுக்குள் உலகமே அதை உச்சரித்தது.

2020 ஜனவரியில் குளிர்கால விடுமுறைக்காகப் பொங்கலை ஒட்டி வீடு வந்து சேர்ந்தாள். 23ஆம் தேதி வூஹான் நகரம் அடைக்கப்பட்டது. 30ஆம் தேதி, அந்நகரிலிருந்து திருச்சூர் வந்திருந்த மாணவி ஒருவருக்குக் கொரோனா கண்டிருப்பதாக அறிவித்தார்கள்; இந்தியாவிலேயே அது முதலாவது. பின்னர் ஆலப்புழையிலும் காசர்கோட்டிலும் கண்ட இருவரும் வூஹான் மாணாக்கரே. அங்கேயே அகப்பட்டுக்கொண்டவர்களை ஏர் இந்தியா விமானங்கள் இரண்டு பிப்ரவரி முதல் இரு நாட்களில் தில்லிக்குக் கொண்டுவந்தன. இந்தியர் 647 பேர், மாலத்தீவினர் 7 பேர்.

நம் பெண்ணுக்கு நோய் இல்லை. இருந்தாலும் 28 நாள் அறையைவிட்டு வெளிவரலாகாது என்பது கட்டளை. சுகாதாரத் துறையினர் நாள்தோறும் தொலைபேசியில் அன்பாகவே விசாரித்தனர். அக்கம்பக்கத்தாரைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை. பால்காரர் படலைக்கு வெளியே பாத்திரத்தை வைத்துவிட்டு ஓடுவார். நாம் வேலை பார்த்த இடத்திலும், 'ஒரு மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டால் எல்லோருக்கும் நலம்' என்று மரியாதையாகச் சொன்னார்கள். பயணச்சீட்டுச் சாளரத்தில் நம் கையிலிருந்து சில்லறை வாங்க அஞ்சிய முகங்களை நாம் இன்னும் மறக்கவில்லை. தமக்கையார் மறந்ததெல்லாம் சமைப்பதை மட்டுமே.

அதன்பின் இரண்டரை ஆண்டுக்கும் மேலாகப் படிப்பு கைப்பேசியில் நடந்தது. சீனத்து மணி நம் மணிக்கு இரண்டரை மணி முந்தியது. அங்கே காலை எட்டு மணி வகுப்பென்றால், இங்கே விடியுமுன் ஐந்தரை மணிக்கு அவள் கொல்லையில் மாமரத்தடியில் போர்வையோடு உட்கார்ந்திருப்பாள். அங்கேதான் அலைவரிசை ஒழுங்காகக் கிடைத்தது. நோயாளியின் வயிற்றில் கைவைத்து ஈரல் வீங்கியிருப்பதை விரல் நுனியால் அறியும் வித்தையைக் கண்ணாடித் திரையில் எங்ஙனம் கற்பது? அவள் தன் பாட்டியையே படுக்க வைத்துத் தட்டிப் பார்ப்பாள். பாட்டி, 'எனக்கு ஒண்ணுமில்ல மக்களே, பசிதான்' என்பார். சீனத்தில் படித்துவந்த இந்திய மாணாக்கர் 23,000க்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் வைத்திய மாணாக்கர். அவர்கள் திரும்பிச் செல்ல விசா வழங்கத் தொடங்கியது 2022 ஆகஸ்டு இறுதியில். அவ்வாண்டு மழைக்காலம் முடியுமுன் அவள் மறுபடி புறப்பட்டுப் போனாள்.

2024 மார்ச்சில் தமக்கையாரும் நாமும் அவளைக் காணச் சென்றோம். மைத்துனர்க்கு விடுமுறை கிடையாதாகையால் ஆண்துணையாக நாம். உண்மையைச் சொன்னால், நமக்கு அங்கே பார்க்க வேண்டிய பாலம் ஒன்றும் இருந்தது. அதைப் பின்னர்க் கூறுவோம். தமக்கையார் ஒரு சீனப் பரணி நிறைய நாரத்தங்காய் ஊறுகாயும், மரச்சீனி வற்றலும், ஏத்தங்காய் உப்பேரியும் கட்டிக்கொண்டார். சீனப் பரணி சீனத்துக்கே திரும்புகிறது என்று நாம் கேலி செய்தோம். அவர் சிரிக்கவில்லை. 'அந்த ஊர்க் காற்றை நான் மூக்கில் ஏற்றமாட்டேன் தம்பி' என்று கூறி, திருவனந்தபுரத்தில் கட்டிய முகக்கவசத்தைக் கோலாலம்பூரிலும் அவிழ்க்கவில்லை.

குவாங்சௌ நகரில் விமானம் இறங்கி, அங்கிருந்து ரயிலில் போவதென்று நாம் பிடிவாதமாக இருந்தோம். ரயில்வே குமாஸ்தா ஒருவன் சீனத்துக்குப் போய் அவர்கள் ரயிலில் ஏறாமல் வந்தால், நம் ஸ்டேஷனில் எவர் மதிப்பார்? 2009ஆம் ஆண்டு டிசம்பரில் திறந்த அதிவேகப் பாதை அது. ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். நாலு மணிநேரத்தில் கொண்டுவிட்டது. நம் பக்கத்தில் இரவு முழுதும் பயணம் செய்தால்தான் சென்னையைக் காணலாம். பயணச்சீட்டு என்று ஒரு காகிதமும் இல்லை. பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். சீட்டைக் கிழித்தே வயிறு வளர்க்கும் நமக்கு அது அவ்வளவு இனிக்கவில்லை. சாளரத்துக்கு வெளியே நெல்வயல்கள் உழவுக்குக் காத்துக் கிடந்தன. குன்றுச் சரிவெல்லாம் கடுகு இனத்துப் பயிர் மஞ்சளாகப் பூத்திருந்தது. 'நம்ம நாஞ்சில் நாடு மாதிரியே இருக்கு' என்றார் தமக்கையார். அதுவே அவர் அன்று பேசிய முதல் நல்ல வார்த்தை.

வூஹான் என்பது ஓர் ஊரன்று, மூன்று ஊர்கள். யாங்சீ என்னும் பேராறும் ஹான் என்னும் ஆறும் கூடுமிடத்தில் வூசாங், ஹான்கோ, ஹான்யாங் என்று மூன்று நகரங்கள் எதிரெதிரே நிற்கின்றன. சீனத்தில் மன்னராட்சியை ஒழித்த புரட்சி 1911 அக்டோபர் 10ஆம் தேதி வூசாங்கில்தான் வெடித்தது. ஹான்கோ, அன்னியர் வியாபாரம் செய்த பழைய துறை. ஆற்றங்கரையில் 1924இல் கட்டிய சுங்கச்சாவடியின் மணிக்கூண்டு இன்றும் மணி சொல்கிறது. வூசாங்கில் மஞ்சள் நாரை மாடம் என்று ஒன்று. முதலில் கட்டியது கி.பி. 223இல், பன்முறை எரிந்தும் இடிந்தும் போய், இப்போது நிற்பது 1985இல் எழுந்தது. பழைய இடத்தைப் பாலத்துக்குக் கொடுத்துவிட்டு, சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது.

அந்தப் பாலத்தைக் காணவே நாம் ஆசைப்பட்டது. யாங்சீ ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய முதற் பெரும்பாலம் அது. 1957 அக்டோபர் 15இல் திறந்தது. மேல்தட்டில் மோட்டார் வண்டிகள். கீழ்த்தட்டில் இரட்டை ரயில் பாதை. கரைச் சாய்வுகளோடு சேர்த்து 1,670 மீட்டர். பாலம் வருமுன் பீக்கிங்கிலிருந்து வந்த ரயில் பாதை வடகரையில் நிற்கும். தென்பாதை தென்கரையில் தொடங்கும். பெட்டிகளைப் படகிலேற்றி ஆற்றைக் கடத்தினார்கள். நம்மவர் தனுஷ்கோடியில் ரயிலை விட்டிறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் சென்றதும் ஒருவகையில் இதுபோன்றதே. அங்கே கடலைக் கடந்தவர் மனிதர் மட்டும். நாம் பாலத்தின் மேல் நின்று, கீழே சரக்கு வண்டி ஒன்று கடந்து முடியும்வரை பெட்டிகளை எண்ணினோம். 'மாமாவை இங்கே விட்டுவிட்டுப் போகலாம் அம்மா' என்றாள் பெண்.

அவளைக் கண்டதும் தமக்கையார் சொன்னது, 'என்ன மக்களே, இப்படி மெலிஞ்சு போனியே' என்பதுதான். மெலியவில்லை, அம்மாமார் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். வெளிநாட்டு மாணாக்கர் விடுதி தனியே இருக்கிறது. வாயிலில் பெயர் எழுதிக் கொடுத்தே நாம் உள்ளே போக முடிந்தது. இரவு தங்க அனுமதி இல்லை. மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை. பாகிஸ்தான், வங்காளதேசம், இலங்கை, ஆப்பிரிக்க நாடுகள் என்று பல தேசத்துப் பெண்கள் ஒரே அடுப்பு வரிசையில் முறைவைத்துச் சமைக்கிறார்கள். அங்கேயும் சீனச்சட்டிதான். அதைப் பார்த்ததும் தமக்கையார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடுகு தாளித்துவிட்டார். இலங்கைப் பெண் ஒருத்தி மணம் பிடித்து அடுத்த மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

பாடம் ஆங்கிலத்தில், ஆஸ்பத்திரி சீனத்தில். இதுவே அங்குள்ள மாணாக்கரின் முதற்சங்கடம். அவர்கள் கற்பது பொதுச்சீனம். வூஹான் கிழவரோ தம் ஊர்ப்பேச்சில் நோவைச் சொல்லுகிறார். 'என்ன' என்பதற்குப் பாடநூலில் 'ஷென்மொ'. அக்கிழவர் வாயில் 'மோஸு'. திரும்பிப் போன புதிதில் நோயாளி சொல்வது விளங்காமல் கழிப்பறையில் நின்று அழுதாளாம். நாம் எல்லையில் பிறந்தவர்கள். 1956 நவம்பரில் தோவாளை முதல் விளவங்கோடு வரை நான்கு தாலுக்காக்கள் தமிழ்நாட்டோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, சாளரத்துக்கு வெளியே நிற்பவர் எம்மொழியில் கேட்கிறாரோ அம்மொழியில் சீட்டு. இப்பழக்கம் அவளுக்குக் கைகொடுத்தது என்று நாம் பெருமையாகச் சொன்னோம். 'அதெல்லாம் இல்லை மாமா. ஒரு பாட்டி கற்றுத் தந்தார்' என்றாள்.

அப்பாட்டியை நாம் கண்டதை இனி எழுதவேண்டும். அதற்கு முன் செர்ரிப் பூக்கள். வூஹான் பல்கலைக் கழகத்தில், 1930களில் கட்டிய பழைய விடுதியின் அடியில் அம்மரங்கள் வரிசையாகப் பூக்கின்றன. முதல் மரங்களை நட்டவர்கள் 1939இல் நகரைப் பிடித்திருந்த ஜப்பானியப் படையினர். படை போயிற்று, மரம் நின்றது. ஊர் மக்கள் வெறுப்பை மரத்தின் மேல் வைக்கவில்லை. முன்பதிவு செய்து, வரிசையில் நின்று பார்க்கிறார்கள். 2020இல் நோய்க்கு எதிராக வெளி மாகாணங்களிலிருந்து 42,000க்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர் இம்மாகாணத்துக்கு வந்தனர். அடுத்த வசந்தத்தில் அவர்களுக்கென்றே தனி நாள் ஒதுக்கி இப்பூக்களைக் காட்டினார்களாம். வைத்தியர் என்றதும் நமக்கு வேறொரு நினைவு. 1938இல் காங்கிரஸ் இயக்கம் ஐந்து இந்திய மருத்துவர்களைச் சீனத்துக்கு அனுப்பியது. அவர்கள் ஹான்கோவுக்கும் வந்தனர். அவ்வைவருள் சோலாப்பூர்க்காரரான துவாரகாநாத் கோட்னிஸ் சீனம் பேசக் கற்று, சீனப் பெண்ணை மணந்து, 1942 டிசம்பர் 9இல் அம்மண்ணிலேயே 32 வயதில் மறைந்தார். அன்று வைத்தியம் செய்யப் போனோம்; இன்று கற்கப் போகிறோம்.

பாட்டியின் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்புறத் தெருவில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடியில். சர்க்கரை நோயால் காலில் புண் கண்டு நம் பெண்ணின் வார்டில் கிடந்தவர். அவள் தப்பும் தவறுமாகக் கேட்கும்போதெல்லாம் ஊர்ப்பேச்சில் சரியான சொல்லைச் சொல்லி, அவள் திருத்திச் சொன்னால்தான் மருந்து விழுங்குவாராம். நம்மை எள் விழுது பிசைந்த கோதுமை நூலோடும் தாமரைக் கிழங்கு ரசத்தோடும் எதிர்கொண்டார். முகக்கவசத்தோடு எப்படிச் சாப்பிடுவது? தமக்கையார் ஒரு கணம் நம்மைப் பார்த்தார். பிறகு அவிழ்த்து மடித்துக் கைப்பையில் வைத்தார்.

இரு கிழவிகளும் — தமக்கையார் நம்மை மன்னிப்பாராக, அவர்க்கு நாற்பத்தாறுதான் — பேசத் தொடங்கினர். நடுவே பெண் மொழிபெயர்த்தாள். 'அந்த ஆண்டு நீங்களும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தீர்களா?' என்று பாட்டி கேட்டார். '28 நாள். ஒருத்தரும் படலை திறந்து வரலை. இந்த ஊரில் படிக்கப் போனதாலே வந்த வினை என்று சொன்னாங்க' என்றார் தமக்கையார். அதைப் பெண் முழுதும் மொழிபெயர்த்தாளா என்பது நமக்குத் தெரியாது. பாட்டி தம் விரல்களை மடித்துக் காட்டினார். எழுபத்தாறு நாள், ஏப்ரல் 8 வரை. பிறகு சுவரிலிருந்த படத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். பெண் சற்று நேரம் வாய் திறக்கவில்லை. 'இவருடைய வீட்டுக்காரர் பிப்ரவரி மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பவில்லை. இவர் கடைசியாக முகம் பார்க்கவில்லையாம், அம்மா' என்றாள்.

தமக்கையார் எழுந்து போய்ப் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னர் அரைமணி நேரம் நடந்த பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கவில்லை. புறப்படும்போது ஊறுகாய்ப் பரணியை அப்படியே அங்கே வைத்துவிட்டு வந்தார். சர்க்கரை நோய்க்காரிக்கு உப்பும் ஆகாது என்று பெண் தடுத்தாள்; எவரும் கேட்கவில்லை.

2024 ஜூனில் அவள் பட்டம் பெற்றாள். ஆனால் பட்டம் பெற்றவுடன் நம் நாட்டில் வைத்தியம் பார்க்க இயலாது. வெளிநாட்டில் படித்தவர்க்கென ஆண்டுக்கு இருமுறை ஒரு தேர்வு நடக்கிறது. 300க்கு 150 வாங்க வேண்டும். எழுதுவோரில் தேறுபவர் சிறுபான்மையே. அதன் பின்னரும் இங்கே பயிற்சிப் பணி உண்டு. சீனத்துக்குப் பிள்ளைகளை அனுப்ப எண்ணும் சங்கத்துக் குடும்பங்கள் இக்கணக்கையும் சேர்த்தே போட்டுப் பார்க்க வேண்டும்; தரகர் இதைச் சொல்லமாட்டார். 2025 ஜனவரியில் எழுதிய முதல் தேர்வில் நம் பெண்ணுக்கு ஒன்பது மதிப்பெண் குறைந்தது. ஜூலையில் மறுபடி எழுதினாள், மூன்று குறைந்தது. தோப்பு இன்னும் ஈட்டிலேதான் இருக்கிறது.

இப்போது மூன்றாம் முறைக்குப் படிக்கிறாள், அதே மாமரத்தடியில்தான். சென்ற மாதம் வூஹானிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பாட்டி சொல்லப் பேத்தி எழுதியது. பெண் அதைத் திண்ணையில் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொன்னாள்: கால் புண் ஆறிவிட்டது, இவ்வாண்டு வெயில் கடுமை, ஊறுகாய் தீர்ந்துபோய்ப் பரணியில் முட்டைக்கு உப்பிட்டு வைத்திருக்கிறார், தேர்வு என்னவாயிற்று?

'என்னம்மா எழுத?' என்று கேட்டாள் பெண். தமக்கையார் அரிசி புடைத்துக்கொண்டே, 'அடுத்த தடவை வரும்போது வேற பரணி கொண்டு வாறேன்னு எழுது' என்றார்.